நான் சொன்னால் நிற்பாள்

விட்டிருக்கலாம் என்கிறீர்கள். எல்லோரும் என்னிடம் அதைத்தான் சொல்கிறார்கள் அக்கா. இந்த பஸ்ஸில் அந்த சீட்டுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது? மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதியிருக்கிறது. அதில் இரண்டு பையன்கள் காலை நீட்டிக்கொண்டு செல்போன் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே கக்கத்தில் கட்டையோடு ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறார். இதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள என்னால் முடியாது. கண்டக்டர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "மேடம் எந்த ஜில்லாவுக்குக் கலெக்டரு?" கேட்கட்டும். பையன்கள் எழுந்தார்களா இல்லையா? அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஆமாம், அவர் உட்கார மாட்டேன் என்றார்தான். அடுத்த விலக்கிலேயே, ஊருக்குப் பாதை பிரிகிற ஸ்டாப்பிலேயே, இறங்கிவிடுவேன் என்றார். அதற்காக விட்டுவிட முடியுமா? உரிமை என்றால் ஒரு ஸ்டாப் தூரத்துக்கும் உரிமைதான். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் கட்டையை ஊன்றி மறுபடி எழுந்து வருவதற்குள் பஸ் விலக்கைத் தாண்டிவிட்டது. அதை டிரைவரிடம் கேட்க வேண்டும். பைபாஸில் இறங்கும்போது என்னை ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டே இறங்கினார் என்று தெரியவில்லை. பழக்கமில்லை, பாவம். தனக்காக ஒருத்தி வாயைத் திறந்து அவர் பார்த்திருக்க மாட்டார்.

நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், கூடையை இப்படிக் காலடியில் வையுங்கள். சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். இன்றைக்கு நான் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

நான் மதுரையில் சமூகப்பணி படிக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. பேர் சிந்துஜா. எங்களுக்குக் களப்பணி என்று ஒன்று உண்டு. ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஓர் இடத்தில் போய் வேலை செய்ய வேண்டும். என் கூடப் படிப்பவர்களெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய கம்பெனி என்று வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு மையத்தைக் கேட்டு வாங்கினேன். மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளுக்கான மையம். பிறக்கிற நேரத்தில் மூளைக்கு மூச்சு எட்டாமல் போய்விடுகிறது, அதிலிருந்து கையும் காலும் கழுத்தும் சொன்ன பேச்சு கேட்காது. புத்தி இருக்கும். நம்மைவிட இருக்கும். ஊர்தான் எச்சில் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு இதுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடும்.

அங்கேதான் காளீஸ்வரி. காளி என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வயது. பேச்சு வராது. ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள், இல்லை என்றால் இறுக்கி மூடிக்கொள்வாள். அம்மா சீனியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை. தெரியும்தானே, இந்தப் பக்கம் தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்கிறார்கள். விடிந்தும் விடியாமலும் ஆபீஸ் வேன் வந்துவிடும். அப்பா திருப்பூர் போனவர் போனவர்தான். வாரத்தில் இரண்டு நாள் மையத்து வண்டி வந்து காளியைத் தூக்கிவரும். மற்ற நாள் முழுக்கப் பாயில்தான். பக்கத்து வீட்டுக்காரி மத்தியானம் வந்து ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டுத் திருப்பிப் படுக்கப் போட்டுவிட்டுப் போவாள். இத்தனைக்கும் பள்ளிக்கூடம் அவர்கள் தெரு முனையில் இருக்கிறது அக்கா. பேரும் சேர்த்திருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போகத்தான் ஆள் கிடையாது.

மையத்தில் ஒரு பேட்டரி நாற்காலி இருந்தது. பழகுவதற்கென்று வைத்திருப்பது. கைப்பிடி முனையில் ஒரு சின்னக் குச்சி. முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பக்கத்தில் சாய்த்தால் திரும்பும், விட்டுவிட்டால் நின்றுவிடும். வேகத்துக்கு ஒரு திருகு. ஒரு பக்கம் ஆமைப் படம், ஒரு பக்கம் முயல் படம். எல்லாப் பிள்ளைகளும் ஆமையில்தான்.

நான் போன அன்று காளியை அதில் உட்கார வைத்து பெல்ட் போட்டிருந்தார்கள். அவள் குச்சியைத் தொட்டாள். நாற்காலி சுற்றியது. அதே இடத்தில் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே இல்லை. அவள் தலையைப் பின்னால் போட்டு ஒரே சிரிப்பு. அங்கே பயிற்சி கொடுக்கிற தவசிலிங்கம் சார் என்ன செய்துகொண்டிருந்தார் என்கிறீர்கள்? மூலையில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபி படித்தவர், அனுபவம் உள்ளவர் என்று சொன்னார்கள். அனுபவம் டீ குடிப்பதில்தான் தெரிந்தது.

"சார், நீங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லிக் குடுத்து வர்ற காரியம் இல்லம்மா இது."

"அப்ப எப்படிக் கத்துக்குவா?"

"சுத்தட்டும். இன்னைக்கு சுத்துறா. நாளைக்கு அலுத்துப்போய் நேரா போவா. போய் முட்டுவா."

சொல்லி வாய் மூடவில்லை, நாற்காலி போய்ச் சுவரில் இடித்தது. டம் என்று ஒரு சத்தம். நான் பதறிப்போய் ஓடினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்துகிறார் அக்கா. பேசாதீங்க, தொடாதீங்க என்கிறார். காளி சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு குச்சியை இழுத்தாள். கொஞ்சம் பின்னால் வந்தாள். மறுபடி போய் இடித்தாள். வேண்டுமென்றே இடித்த மாதிரி இருந்தது.

"எல்லாப் பிள்ளையும் நடக்கப் பழகும்போது விழுது, எந்திரிக்குது, மேசையில இடிச்சுக்குது. இவ ஒன்பது வயசு வரைக்கும் எதுலயும் முட்டுனதே இல்லம்மா. தூக்கிட்டுப் போனவங்க முட்டாம தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க நிக்கணும்னு அவளுக்கு யாரு சொல்லுவா? இந்தச் சுவருதான் சொல்லணும்."

எப்படி இருக்கிறது பேச்சு? நான் விடவில்லை. "உங்க சொந்தப் பிள்ளை சுவத்துல முட்டினா இப்படித்தான் டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பீங்களா? மாற்றுத்திறனாளின்னா மட்டும் முட்டட்டும்னு விட்டுடலாமா? இது பயிற்சியா, அலட்சியமா?" என்று கேட்டேன். அவர், "அப்படி இல்லம்மா" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவரோடு இதுதான். என்னோடு வாதம் பண்ண முடியாதவர்கள் எல்லோருமே கடைசியில் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இதற்கு நடுவில்தான் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். வருஷா வருஷம் மூன்று சக்கர வண்டி, தையல் மெஷின், ஊன்றுகோல் என்று கல்யாண மண்டபம் பிடித்து மேடை போட்டுக் கொடுப்பார்கள். இந்த வருஷம் ஒரே ஒரு பேட்டரி நாற்காலி, அதுவும் பிள்ளை உட்காருகிற அளவு, கொடுக்கப் போகிறோம் என்றார்கள். ஆனால் பிள்ளை விழாவில் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். வாசலிலிருந்து மேடைக்கு வந்து, நின்று, திரும்பிப் போக வேண்டுமாம். ஓட்டத் தெரியாத பிள்ளைக்குக் கொடுத்தால் வீட்டில் அதன்மேல் துணி காயப் போட்டுவிடுகிறார்களாம். இதைச் சொன்னவர் சுந்தரவேல் என்று ஒருவர், அறக்கட்டளைச் செயலாளர். இரண்டு கால் உள்ளவனிடம் செருப்பு கொடுக்குமுன் நடந்து காட்டு என்று கேட்பீர்களா சார் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இந்தப் பொண்ணுக்கு மைக்கு குடுத்திருக்கலாம் போல" என்றார்.

ஆனால் எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. அந்த நாற்காலி காளிக்குத்தான். ஒரு சனிக்கிழமை சீனியம்மாள் வந்திருந்தபோது சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் தீக்குச்சி மருந்து வாசனை. "அது வந்துட்டா நா ஆபீசுக்குப் போனப்புறம் அவ பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவாளா தாயி? பக்கத்துல இருக்கவுக ஏத்தி மட்டும் விட்டாப் போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றேன். "அவளா போய், அவளா திரும்பி வந்துருவாளா?" என்று மறுபடி கேட்டாள். நான் பொறுப்பு என்றேன். சொன்னேன் அக்கா, பயப்படாமல் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தவசிலிங்கம் சாரிடம் போய், காளியின் பயிற்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விழாவுக்குள் சுவரில் முட்டி முட்டி அவள் எப்போது கற்றுக்கொள்வாள்? அவர், "இந்த விழாவுக்குன்னு பண்ணாதீங்கம்மா" என்றார். அப்புறம் அவரே, "சரி, ஆர்வமா இருக்கீங்க, செய்ங்க" என்று விட்டுவிட்டார். எதிர்க்கக்கூடத் தெம்பில்லாத மனிதர்.

நான் ஒழுங்காகச் செய்தேன். முதல் வேலையாகச் சுவருக்கெல்லாம் பழைய மெத்தையைச் சாத்தி வைத்தேன். பிறகு சொற்கள். போ, நில், இடது, வலது, பின்னால். நான் பக்கத்திலேயே நடப்பேன். போ என்றால் குச்சியைத் தள்ள வேண்டும். நில் என்றால் விட வேண்டும். முதலில் சிரமப்பட்டாள். நில் என்று சொன்னபிறகும் கை விறைத்துக்கொண்டு அழுத்தும். நான் விரலை எடுத்துவிடுவேன். மறுபடி. மறுபடி. என் பொறுமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் அம்மாவே நம்ப மாட்டாள்.

சில நாள் உட்கார வைத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆரம்பிக்கலாமா என்று கேட்டால் மூடிக்கொள்வாள். சோம்பல். பிள்ளைகள் என்றால் அப்படித்தான், நாமும் அப்படித்தான் இருந்தோம். பரவாயில்லை என்று ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் பாதி வழியில் நான் சொல்லாமலே வெளியே திரும்பினாள். ஜெபசீலன் என்று ஒரு பையன், அவனும் அப்போதுதான் நாற்காலியில் பழக ஆரம்பித்திருந்தான். அவன் வாசலில் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் போகிறாள். நான் குச்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். "மிஸ் சொன்னேனா? சொல்லாம நகரக் கூடாது" என்றேன். அழுதாள். அடுத்த தடவையும் திரும்பினாள், அடுத்த தடவையும் பிடித்தேன். அப்புறம் திரும்பவில்லை. எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் பாருங்கள். இந்தப் பிள்ளைக்கா ஒன்றும் தெரியாது என்கிறார்கள்?

ஒரு தடவைகூட அவள் எதிலும் இடித்ததில்லை. என் கையில் வந்தபிறகு ஒரே ஒரு தடவைகூட. யார் பார்க்க வந்தாலும் ஓட்டிக் காட்டுவேன். நேராக வரும்போது நடுவில் சட்டென்று நில் என்பேன். சுவிட்சைத் தட்டினாற்போல நிற்பாள். கை தட்டுவார்கள்.

தவசிலிங்கம் சார் மட்டும் கை தட்ட மாட்டார். ஒரு நாள் பக்கத்தில் வந்து, "அடுத்த தடவ நீங்க பேசாம நின்னு பாருங்கம்மா" என்றார்.

"எதுக்கு சார்?"

"அவ முன்னால பாக்கல. உங்களத்தான் பாக்குறா."

"டீச்சரைப் பார்க்காம வேற யாரைப் பார்ப்பா?" என்று கேட்டேன். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அதேதான். டீ.

விழா அன்று சீனியம்மாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பட்டு இல்லை, பட்டு மாதிரி ஒன்று உடுத்தியிருந்தாள். காளிக்கு இரட்டைச் சடை, கனகாம்பரம். காலையிலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. வந்தபிறகு பொன்னாடை. ஒருவர் மற்றவருக்கு, மற்றவர் இன்னொருவருக்கு. மாறி மாறிப் போர்த்திக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடையாது. இதையெல்லாம் நான் அங்கேயே இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன், அது வேறு கதை.

காளியின் முறை வந்தது. புது நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் நடந்தேன். போ. நேராக வந்தாள். வலது. திரும்பினாள். மேடைக்கு முன்னால் நில். நின்றாள். மண்டபமே கை தட்டியது அக்கா. சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். நான் குனிந்து காளியின் காதில், நாம ஜெயிச்சிட்டோம் என்றேன். கண்ணை மேலே தூக்கினாள்.

திரும்பிப் போக வேண்டியதுதான் பாக்கி. திருப்பி நிறுத்தி, போ என்றேன். கிளம்பிவிட்டாள். அப்போதுதான் சுந்தரவேல் மைக்கில், "மிஸ் கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்க, பாப்பா தனியா ஓட்டட்டும்" என்றார்.

இதை நீங்கள் யோசித்துப் பாருங்கள். முதலில் சொன்ன நிபந்தனையில் இது இருந்ததா? இல்லை. நினைத்த நேரத்தில் நினைத்ததைச் சேர்த்துக்கொள்ள இவர்கள் யார்? நான் அங்கேயே நின்றுகொண்டு, "முதல்ல அப்படிச் சொல்லலையே சார்" என்றேன். அவர், "சும்மா ஒரு பார்வைக்குத்தாம்மா" என்றார். "பார்வைக்கா? இது என்ன சர்க்கஸா? இவங்க என்ன காட்சிப் பொருளா?" என்று கேட்டேன். சரியான கேள்வி அக்கா. இன்றைக்கும் கேட்பேன். நான் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துக் கேட்டேன்.

பின்னால் ஆட்கள் கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

அவள் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். வாசலைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி. தனியாகவே போகுது பார் என்று எல்லோரும் வழிவிட்டு ஒதுங்கிக் கை தட்டியிருக்கிறார்கள். வராந்தாவுக்கு அப்புறம் படி. மண்டபம் கட்டினவனுக்கு ஒரு சரிவுப் பாதை போடத் தோன்றவில்லை, ஒரு கம்பி வைக்கத் தோன்றவில்லை. படி கண்ணுக்கு நேராக இருக்கிறது. பகல் வெளிச்சம். அவளுக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. குச்சியை விட்டால் போதும், நின்றுவிடும்.

விடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலி அவள்மேல் கிடந்தது. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. கை இன்னும் குச்சியை விடவில்லை. நான், நில் நில் என்று கத்தினேன். கையை எடுத்துவிட்டாள்.

தொடை எலும்பு. ஊன்றி நடக்காத காலில் எலும்புக்கு வலு இருக்காதாம், தீப்பெட்டிக் குச்சி மாதிரி என்றார் டாக்டர். உள்ளே கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சீனியம்மாள், "போதும் தாயி" என்றாள். அவ்வளவுதான். யாருக்குப் போதும்? அவளுக்குப் போதும் என்றால் காளிக்குப் போதும் என்று ஆகிவிடுமா? அம்மா என்பதற்காகப் பிள்ளைக்குப் பதில் இவள் பேசிவிடலாமா? இதை அங்கேயே சொல்லியிருப்பேன், ஆஸ்பத்திரி என்று விட்டேன்.

மையத்தில் அடுத்த வாரமே பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். காளிக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். இனி பேட்டரி நாற்காலியே வேண்டாம் என்று கமிட்டி முடிவாம். அந்த நாற்காலியைத் தார்ப்பாய் போட்டு மூடி ஸ்டோர் ரூமில் தள்ளிவிட்டார்கள். ஜெபசீலன் தினமும் அந்தக் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விழாவில் கொடுப்பதாகச் சொன்ன நாற்காலியை அறக்கட்டளைக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தவசிலிங்கம் சாராவது கமிட்டியில் வாயைத் திறந்தாரா என்றால் அதுவும் இல்லை. அவரிடம் நேராகவே கேட்டேன். "இதுக்கு யார் சார் பொறுப்பு?" அவர், "நான்தாம்மா. நான் விட்டிருக்கக் கூடாது" என்றார். அப்பாடா, ஒரு வழியாக ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

நீங்களே சொல்லுங்கள். மண்டபத்துக்காரன் தப்பு. விதியை நடுவில் மாற்றின சுந்தரவேல் தப்பு. வேடிக்கை பார்த்துக் கை தட்டின ஜனங்கள் தப்பு. பொறுப்பில் இருந்தவர் அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று. இதில் நான் எங்கே வருகிறேன்? சொல்லுங்கள். இல்லை, இருங்கள், இன்றைக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்காமல் நீங்கள் ஒரு முடிவுக்கு வரக்கூடாது.

நான் விடுவதாக இல்லை. களப்பணி முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்கள், எனக்கு இதில் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. இருந்தாலும் சீனியர் ஒருத்தியைப் பிடித்தேன். அவள் தம்பி சின்ன வயதில் ஓட்டின நாற்காலி அவர்கள் வீட்டில் சும்மா கிடந்தது. பேட்டரி மாற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றி, இன்றைக்குக் காலையில் காளி வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். ஆபீஸ் லீவு, சீனியம்மாள் வீட்டில்தான் இருந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் முகம் என்னவோ போல ஆகிவிட்டது. வேண்டாம் என்றுதான் நின்றாள். நான் பேசினேன். கல்வி உரிமை, நடமாடும் உரிமை, எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உக்கார வச்சுப் பாருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

காளி இளைத்துவிட்டாள். ஒரு கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. தலையணை கொடுத்து உட்கார வைத்து பெல்ட் போட்டு, சுவிட்சைப் போட்டு, கையை எடுத்துக் குச்சிமேல் வைத்தேன். ஆமைதான். வீட்டு முன்னால் சிமெண்ட் தளம், அதை ஒட்டித் தெரு. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்துவிட்டு, "ஏ காளி, வண்டி வந்துருச்சா, வாடி" என்று கூப்பிட்டார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தவசிலிங்கம் சார் பேசாமல் நின்று பாருங்கள் என்று பெரிதாகச் சொன்னாரே, இன்றைக்கு ஒரு நாள் அதைத்தான் செய்து பார்த்துவிடுவோம் என்று. படியில் உட்கார்ந்துகொண்டேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். அவள் அப்படியே இருந்தாள். கை குச்சிமேல். நாற்காலி விளக்கு பச்சையாக எரிகிறது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தகரச் சாய்ப்பின் நிழல் மெல்ல மெல்ல ஏறி அவளைத் தாண்டிப் போய்விட்டது. வெயில் மடியில் விழுந்தது, கழுத்தில் விழுந்தது, முகத்தில் விழுந்தது. நிழல் எட்டித் தொடுகிற தூரத்தில் இருக்கிறது அக்கா. குச்சியை ஒரு விரல் தள்ளினால் போதும். வியர்த்து ஊற்றுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். நானும் விடவில்லை, பேசாமல் இருக்கிறேன்.

சீனியம்மாள் குடத்தோடு வெளியே வந்தாள். பார்த்தாள். குடத்தை வைத்துவிட்டுப் பின்னால் போய் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தாள். சுவிட்ச் போட்டிருந்தால் மோட்டார் பிடித்துக்கொள்ளும், நகராது. தள்ளிப் பார்த்துவிட்டு முந்தானையை விரித்து மகள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லிருங்க தாயி. நீங்க சொன்னாத்தேன் போவா."

கேட்டீர்களா? பெற்றவள் வாயால் வந்த வார்த்தை. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருப்பது, முட்ட விடுவது, இதெல்லாம் எவ்வளவு பெரிய ஏமாற்று என்று அங்கேயே தெரிந்துபோயிற்று. பேசாமல் இருந்து பார்த்தாயிற்று, என்ன நடந்தது? இனி அந்த மனிதர் என்னிடம் வாயைத் திறக்கட்டும்.

போ என்றேன். போனாள். நிழலுக்குள் வந்ததும் நில் என்றேன். நின்றாள். இத்தனை நாள் படுக்கையில் கிடந்தும் ஒன்றும் மறக்கவில்லை அக்கா, ஒன்றுகூட மறக்கவில்லை.

அப்படி இருந்தும், கிளம்பும்போது அந்த அம்மா, "அடுத்த தடவ வந்தா இத எடுத்துட்டுப் போயிருங்க" என்கிறாள். அதற்குத்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாரா வாரம் வருவேன் என்றேன். பஸ்ஸுக்கு அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். நேர் தெரு, மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே ஒரு கல்கூட இல்லை. அங்கிருந்து அவர்கள் வீடு தெரிகிறது.

நான் நிறுத்தின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஓர் அங்குலம் நகரவில்லை.